மின் அமைப்புக்கு இரு பருவச் சோதனை

நாஞ்சில் நாட்டுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைவிக்க முடிந்ததும், மலையோரத்தில் ரப்பரும் கிராம்பும் தழைப்பதும் இம்மழைகளின் பயனே. ஆனால் வயலை நனைக்கும் மழை நம்முடைய தறிக் கொட்டகையையும், சாயப்பட்டறையையும், பம்பு அறையையும் நனைக்காமல் விடுவதில்லை. சுவருக்குள் ஓடும் மின் கம்பிகளில் ஆண்டுக்கு இருமுறை ஈரம் ஏறுகிறது. ஆதலின் மின் அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் விஷயத்தில் நம் மாவட்டத்தார் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலான கவனம் கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இக்கவனம் நம்மிடம் போதிய அளவில் இருப்பதாகத் தோன்றவில்லை. "விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, பின் என்ன குறை?" என்பதே பொதுவான எண்ணம். விளக்கு எரிவதற்கு இரண்டு கம்பிகள் போதும். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பி ஒன்று; அதைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நியூட்ரல் கம்பி மற்றொன்று. உயிரைக் காக்கும் மூன்றாவது கம்பியாகிய எர்த் கம்பி அறுந்து ஐந்தாண்டு ஆகியிருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும்; மோட்டார் நன்றாகவே ஓடும். அக்கம்பிக்கு வேலை வருவது விபத்து நேரும் நாளில் மட்டுமே. அன்று அது வேலை செய்யுமா என்பதை முன்னதாகவே அளந்து பார்ப்பதுதான் சோதனை. அங்கத்தினர்கள் இதை நன்கு உணரவேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

பியூஸ் எதைக் காக்கிறது?

பியூஸ் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் வீடுகளுக்கு வரும் மின் அழுத்தம் 230 வோல்ட். ஈரமான கையும் ஈரமான காலும் உள்ள மனித உடலின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று கொள்ளலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர் மின்சாரம் உடலில் பாயும். 30 மில்லியாம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடித்த கையை விட முடியாமற் போகும், மூச்சும் தடைப்படும். 230 மில்லியாம்பியர் இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. ஆனால் 5 ஆம்பியர் பியூஸ் போவதற்கு இதைப்போல் இருபது மடங்குக்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும். ஆகவே மனிதன் துடித்துக்கொண்டிருக்கும்போது பியூஸ் அசையாமல் இருக்கும். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே பியூஸின் வேலை. மனிதரைக் காப்பதற்கு எர்த் கம்பியும், மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனமும் தேவை. வீடுகளுக்கு ஏற்ற ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

பம்பு அறைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மோட்டாரின் உட்சுருள் பழுதுபட்டு, பேஸ் கம்பி இரும்பு உறையைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் வழியாகச் செல்லும் பாதையின் முழுத் தடை 2 ஓம் என்றால் 115 ஆம்பியர் மின்சாரம் பாயும், 16 ஆம்பியர் பியூஸ் உடனே போய்விடும், அபாயம் நீங்கும். எர்த் குழி காய்ந்தும், கம்பி துருப்பிடித்தும், தடை 20 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் போகாது. மோட்டாரின் உறையில் அழுத்தத்தின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். நீர் பாய்ச்ச வரும் விவசாயி ஈரக் காலுடன் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 2 ஓம் எர்த்தும் 20 ஓம் எர்த்தும் ஒன்றுபோலவே தோன்றும். அளந்தால்தான் வேறுபாடு தெரியும்.

சோதனைகள் யாவை?

முழுமையான சோதனை என்பது ஆறு பகுதிகளைக் கொண்டது.

முதலாவது, கண்ணால் பார்த்தல். செலவில்லாத இச்சோதனையே பெரும்பாலான குறைகளைக் காட்டிக்கொடுக்கும். உடைந்த சுவிட்ச், கருகிய பிளக், எலி கடித்த கம்பி, வெறும் துணி சுற்றிய இணைப்பு, பியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கட்டிய தடித்த செப்புக் கம்பி, தறிச் சட்டத்தில் ஆணியடித்துக் கட்டிய விளக்குக் கம்பி, சுவிட்சின் மேல் படிந்த பஞ்சுத் தூசி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எர்த் கம்பியின் தொடர்ச்சி. மெயின் சுவிட்சிலிருந்து ஒவ்வொரு மூன்று துளைப் பிளக் வரையிலும், ஒவ்வொரு இயந்திரத்தின் உறை வரையிலும் எர்த் கம்பி அறுபடாமல் வருகிறதா என்று கருவியால் பார்க்க வேண்டும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத பிளக்குகள் எத்தனையோ வீடுகளில் உண்டு.

மூன்றாவது, காப்பின் வலிமை. இதற்கு மெக்கர் என்ற கருவி உதவுகிறது. மெயினை நிறுத்தி, விளக்குகளையும் மின்னணுச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பார்கள். தடை குறைந்தது 1 மெகோம், அதாவது பத்து லட்சம் ஓம், இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறதென்று பொருள்.

நான்காவது, கம்பிகள் இடம் மாறாதிருத்தல். சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். தவறி நியூட்ரலில் வைத்துவிட்டால், சுவிட்சை நிறுத்தியதும் விளக்கு அணையும். ஆனால் பல்பு பிடிப்பானில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நம்பிப் பல்பை மாற்றுபவர் ஏமாந்து போவார்.

ஐந்தாவது, எர்த் குழியின் தடையை அளத்தல். இதற்கென்று தனிக் கருவி உண்டு. தரையில் இரண்டு இரும்புக் கோல்களை உரிய தொலைவில் அடித்து, குழியின் தடையை ஓமில் படிப்பார்கள்.

ஆறாவது, ஆர்.சி.சி.பி. சோதனை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை வீட்டார் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிடில் சாதனம் பழுது. பொத்தான் வேலை செய்தால் சாதனம் நலம் என்று மட்டுமே பொருள். எர்த் சரியாக உள்ளதென்று அது சொல்வதில்லை. அதை அளந்துதான் அறிய வேண்டும்.

எர்த்தை வெயிலில், காப்பை மழையில்

இச்சோதனைகளை எப்போது செய்வது என்பதில் நம் ஊருக்கேற்ற ஒரு முறை உண்டு. எர்த் குழியின் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. கார்த்திகையில் அளந்தால் குழி ஈரமாக இருக்கும், தடை குறைவாகக் காட்டும், நாமும் திருப்தியடைந்துவிடுவோம். அதே குழி மாசி, பங்குனியில் காய்ந்தபோது பன்மடங்கு தடை காட்டக்கூடும். மோட்டார் அதிகம் ஓடுவதும் அந்தக் காய்ந்த நாட்களில்தான். ஆகவே எர்த் குழியை மாசி, பங்குனியிலேயே அளக்க வேண்டும். வெயிலில் தேறும் எர்த் மழையிலும் தேறும்.

காப்புச் சோதனைக்கு இதன் நேர் எதிர்ப் பருவம் உகந்தது. உலர்ந்த சுவரில் கம்பியின் குறை மறைந்து நிற்கும். ஈரம் ஏறியபின் கசிவு வெளிப்படும். ஆகவே கார்த்திகை மழை ஓய்ந்தவுடன், சுவர் காய்வதற்கு முன்னால், மெக்கர் சோதனையைச் செய்ய வேண்டும். மழையில் தேறும் காப்பு வெயிலிலும் தேறும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் ஆண்டில் இருமுறைச் சோதனை அதனதன் காலத்தில் அமைந்துவிடும்.

புயலுக்குப் பின்னும் இவ்விதி பொருந்தும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பரும் வாழையும் முறிந்தன; ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன; மின்சாரம் மீண்டும் வரப் பல ஊர்கள் பல நாட்கள் காத்திருந்தன. அத்தகைய வேளையில் மின்சாரம் வந்ததும் மெயினைப் போட்டுவிடவே எவருக்கும் கை நீளும். நனைந்த வீட்டிலும் மூழ்கிய பம்பு அறையிலும் காப்பைச் சோதிக்காமல் மெயினைப் போடலாகாது. ஜெனரேட்டரை வைத்துச் சமாளிப்பவர்கள், வெளிக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் அதை இணைக்கவும் கூடாது. அவ்வாறு இணைத்தால் நம் வீட்டு மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு உலை வைக்கும்.

தறியிலும் தோட்டத்திலும்

வடசேரியிலும் கோட்டாற்றிலும் நெசவு நெடுங்காலமாக நடந்துவருவது. குழித்தறியில் அமரும் நெசவாளரின் கால்கள் தரைமட்டத்துக்குக் கீழே, பெரும்பாலும் ஈரமண்ணில் இருக்கின்றன. தலைக்கு மேலே விளக்கு தொங்குகிறது. பக்கத்தில் தார் சுற்றும் மோட்டார் ஓடுகிறது. அம்மோட்டாரை நாள் முழுவதும் தொடுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். "தொட்டால் சுருக்கென்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பல வீடுகளில் காலத்தைக் கடத்துகிறார்கள். அந்தச் சுருக்கென்ற உணர்வே காப்பு கெட்டுவிட்டது என்று இயந்திரம் தரும் அறிவிப்பாகும். அன்றே மோட்டாரை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும்.

தோட்டங்களில் ரப்பர் ஷீட் அடிக்கும் இடம் எப்போதும் ஈரமாயிருக்கும். இரும்பு உருளைகளை மோட்டாரால் ஓட்டுபவர்கள் உறையின் எர்த்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். தேங்காயும் பலாவும் பறிக்கும் இரும்புத் தோட்டி, உயரமான ஏணி ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் வழியில் மின் கம்பி எவ்வளவு உயரத்தில் செல்கிறது என்று முதலில் அண்ணாந்து பார்ப்பதும் சோதனையில் சேர்ந்ததே. 2025 மார்ச் 1 அன்று இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது உயரமான ஏணி மின் கம்பியில் பட்டு நான்கு பேர் மாண்டதை நாம் எளிதில் மறப்பதற்கில்லை.

மற்றொரு துயரத்தையும் இங்கு நினைவூட்டுவது கடமையாகிறது. 2023 அக்டோபரில், மழை நாளில், ஆற்றூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். ஒருவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் பலியாயினர். பாசத்தால் ஓடும் கால்களை யாரால் தடுக்க முடியும்? ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். முதலில் மெயினை நிறுத்து, பிறகு தொடு, பிறகு 108-ஐ அழை. இதுவே வரிசை. தெருக் கம்பி அறுந்து கிடந்தால் மெயினை நிறுத்துவதால் பயனில்லை. ஒருவரையும் அருகே விடாமல் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது.

பொறுப்பு யாருடையது?

மின் வாரியம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். மீட்டர் வரையிலான அமைப்பு மின்சாரம் வழங்குவோரின் பொறுப்பு. மீட்டருக்கு இப்பால் உள்ளது யாவும் உபயோகிப்பவருடைய பொறுப்பு. நம் மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்த 1956-ஆம் ஆண்டிலேயே இந்திய மின்சார விதிகள் வகுக்கப்பட்டன. இணைப்புப் பெற்ற மின் அமைப்பை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்பது அப்போதே விதியாயிற்று. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும், அதன் கீழ் 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அப்பழைய விதிகளின் இடத்தில் வந்தன. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வழக்கமாகக் கூடும் இடத்திலும் தொழிற்சாலையிலும் 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தை உபயோகிக்கத் தொடங்குமுன், ஏழு நாட்களுக்குக் குறையாமல் மின் ஆய்வாளருக்கும் மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 54-ஆவது பிரிவு சொல்கிறது. நம் சங்கக் கட்டடங்களில் பல இவ்வகையில் அடங்கும்.

பந்தல் போட்டு நடத்தும் கூட்டங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கூரைப் பந்தலில் மின் இணைப்பிலிருந்து பற்றிய தீ, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரு நாள் கூட்டத்துக்காகக் கட்டும் தற்காலிகக் கம்பிக்கும் நிரந்தரக் கம்பிக்குரிய சோதனை வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பித்தது.

பம்பு செட்டுக்கும் கைத்தறிக்கும் அரசு இலவச மின்சாரம் அளித்துவருவது பெரிய உதவி. கட்டணம் இல்லாததால் கசிவு நம் பையைக் கடிப்பதில்லை. ஆகவே கவனத்துக்கும் வருவதில்லை. ஆனால் கட்டணம் உள்ள மின்சாரமும் இல்லாத மின்சாரமும் உடலில் ஒன்றுபோலவே பாயும். இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை என்பதும் வாதமாகாது. கம்பியின் உறை ஆண்டுதோறும் முதுமையடைகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இரண்டு விளக்குக்காகப் போட்ட கம்பியில் இன்று கிரைண்டரும், குளிர்பதனப் பெட்டியும், மோட்டாரும் ஏறியிருக்கின்றன. இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மின் சோதனை நடத்த வேண்டும் என்று 2020-ல் விதி செய்தார்கள். குடியிருப்பவர் கண்ணால் பார்த்து அறிய முடியாத அபாயம் என்பதே அதன் அடிப்படை.

சங்கம் செய்யக்கூடியது

தனி மனிதர் ஒருவர் மெக்கரும் எர்த் அளவியும் வாங்குவது வீண் செலவு. ஆண்டில் இரு நாட்களுக்கு மேல் அவருக்கு அவை தேவைப்படா. ஆனால் நூறு அங்கத்தினர்கள் உள்ள சங்கத்தில் அதே கருவிகள் ஆண்டில் இருநூறு முறை பயன்படும். கூட்டுறவு என்பது இத்தகைய காரியங்களுக்காகவே ஏற்பட்டது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் பின்வரும் ஏற்பாட்டைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சங்கம் கருவிகளை வாங்கிவைத்து, அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரைச் சோதனைக்கு அமர்த்த வேண்டும். உரிமம் இல்லாதவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் இவ்வேலை அவரிடம் செல்லக்கூடாது. முதலில் சங்கத்தின் நூல் கிடங்கும், விற்பனை நிலையமும், சாயப்பட்டறையும் சோதிக்கப்படட்டும். தன் வீட்டைச் சரிசெய்யாத சங்கம் அங்கத்தினரைச் சரிசெய்யச் சொல்லலாகாது. அடுத்து அங்கத்தினர்களின் தறிக் கொட்டகைகளும் பம்பு அறைகளும் முறைவைத்துச் சோதிக்கப்பட வேண்டும்.

சோதனை முடிவுகளை ஒரு பதிவேட்டில், அங்கத்தினருக்கு ஒரு பக்கமாக, தேதியுடன் எழுதிவைக்க வேண்டும். காப்பு எத்தனை மெகோம், எர்த் எத்தனை ஓம், ஆர்.சி.சி.பி. உண்டா, காணப்பட்ட குறை யாது, அது எந்நாளில் நீக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். சென்ற ஆண்டு 50 மெகோம், இவ்வாண்டு 3 மெகோம் என்றால், இரண்டும் தேர்ச்சி அளவுக்கு மேலே இருந்தாலும், காப்பு வேகமாகக் கெட்டுவருகிறது என்பதைப் பதிவேடு காட்டிவிடும். ஒரு தடவை அளந்த எண் இதைக் காட்டாது.

குறையைக் கண்டுபிடித்துவிட்டு அங்கத்தினரைக் கைவிடுவதும் முறையன்று. வயரிங்கை மாற்றப் பணமில்லாதவருக்குச் சிறு தவணைக் கடன் கொடுக்கவும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கம்பி, பிளக், ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை மொத்தமாக வாங்கி விலை நயமாகக் கொடுக்கவும் சங்கத்தால் இயலும். நூலுக்கும் உரத்துக்கும் இவ்வாறு செய்துவருகிறோம். உயிர்க்காப்புக்கும் செய்வதில் தடையென்ன?

அடுத்த பொதுச் சபையின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். தீர்மானம் நிறைவேறும்வரை காத்திராமல் இன்று மாலையே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. மெயின் சுவிட்ச் இருக்குமிடத்தை வீட்டார் அனைவருக்கும் காட்டுங்கள். பியூஸில் உள்ள கம்பி உரியதுதானா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையெனில் வாங்குவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தொட்டால் சுருக்கென்னும் இயந்திரம் எதுவாயினும் அதன் இணைப்பை நிறுத்திவிட்டு, சோதித்த பிறகே மீண்டும் ஓட்டுங்கள்.